பாட்டனார் விட்டுச்சென்ற துப்பாக்கி: ஓர் எண்ணின் வரலாறு

நம்மிடம் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர் பல ஆண்டுகளாக அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலமொன்றில் வசித்து வருகிறார். ஆண்டுக்கு இரண்டு முறையேனும் நீண்ட மடல் எழுதுவார். படித்த நூல்கள், பிள்ளைகளின் தமிழ், பனிக்காலத்தின் கொடுமை என்று அமையும் அவருடைய மடல்களில் இம்முறை ஒரு துப்பாக்கி வந்து சேர்ந்திருந்தது.

அவருடைய அண்டை வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய பாட்டனார் முதல் உலகப்போரில் பணிபுரிந்தவர். போருக்குப் பின் அரசு விற்ற படைத் துப்பாக்கி ஒன்றை விலைக்கு வாங்கி, நாற்பது ஆண்டுகள் மான் வேட்டைக்குப் பயன்படுத்தினாராம். பாட்டனாரிடமிருந்து சிறிய தந்தைக்கும், அவருக்குப் பின் இவருக்கும் அது வந்து சேர்ந்தது. பாட்டனாரின் நினைவு நாளில் குடும்பம் முழுவதும் கூடி, அந்தத் துப்பாக்கியால் ஒரே ஒரு முறை சுடுவது என்று முடிவாயிற்று. சுடும் உரிமை பதினாறு வயதுப் பேரனுக்கு. அதற்கு முன் ஒருமுறை சோதித்து வாங்கிவிடலாம் என்று, பழைய துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றிருக்கிறார்கள். நம் மாணவரும் உடன் சென்றிருக்கிறார்.

"ஐயா, அந்த மனிதர் குழலுக்குள் பார்க்கவே இல்லை. மேலே பொறித்திருந்த எண்ணை மட்டும் படித்தார். துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, 'இதைச் சுடாதீர்கள்' என்றார். ஏழு லட்சத்துச் சொச்சம் என்பதுதான் எண். நாற்பது வருடம் சுட்ட துப்பாக்கியை ஓர் எண்ணைப் பார்த்து எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும் என்று வீட்டில் எல்லாருக்கும் கோபம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

துப்பாக்கி பற்றி நாம் என்ன நினைக்க இருக்கிறது? அச்சொல் துருக்கிய வேரிலிருந்து நம் மொழிக்கு வந்தது என்பதும், ஈழத்தில் அதையே 'துவக்கு' என்பார்கள் என்பதும்தான் நாம் அறிந்தவை. ஆயினும் அந்த எண் நம்மை விடவில்லை. ஒரு பொருளின் மேல் பொறித்த எண்ணைப் படித்து அதன் உள்ளிருக்கும் குற்றத்தைச் சொல்ல முடியுமென்றால், அங்கே ஒரு வரலாறு இருந்தாக வேண்டும். அதைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

*

1898ஆம் ஆண்டு ஸ்பெயினுடன் நடந்த போரில் அமெரிக்கா வென்றது. ஆனால் கியூபாவில் சாண்டியாகோ நகரைச் சுற்றியிருந்த குன்றுகளில் அமெரிக்கப் படை ஒரு கசப்பான பாடத்தைக் கற்றது. எதிரிகளிடம் இருந்த ஜெர்மானிய 'மவுசர்' துப்பாக்கி, தங்களிடம் இருந்த 'கிராக்' துப்பாக்கியைவிட எல்லா வகையிலும் மேலானதாக இருந்தது. ஐந்து தோட்டாக்களை ஒரு பட்டையில் கோத்து ஒரே அழுத்தில் உள்ளே தள்ளிவிட மவுசரில் முடிந்தது. கிராக்கில் ஒவ்வொன்றாக இட வேண்டியிருந்தது.

தோற்றவனின் கருவியை வென்றவன் படித்தான். அதன் விளைவாக 1903ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏற்கப்பட்டதுதான் 'எம்1903' எனப்படும் துப்பாக்கி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலுள்ள அரசு ஆயுதச்சாலையில் உருவானதால் 'ஸ்பிரிங்ஃபீல்டு' என்றே பெயர் நிலைத்தது. மவுசரின் அமைப்பை அது எவ்வளவு நெருக்கமாகத் தழுவியிருந்தது என்றால், காப்புரிமைக்காக மவுசர் நிறுவனத்துக்கு அமெரிக்க அரசு இரண்டு லட்சம் டாலர் தர நேர்ந்தது. 1906இல் இதற்கெனத் திருத்தப்பட்ட தோட்டா வந்தது. '.30-06' என்னும் அதன் பெயரில் பின்னால் நிற்பது அந்த ஆண்டுதான்.

ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலை 1794இல் தொடங்கி 1968 வரை இயங்கியது. இலக்கிய வாசகர்களுக்கு அது முற்றிலும் அந்நியமான இடமன்று. கவிஞர் லாங்ஃபெல்லோ 1843இல் மணமுடித்த புதிதில் தம் மனைவியுடன் அங்கே சென்றார். அடுக்கடுக்காக நிறுத்தப்பட்டிருந்த துப்பாக்கிகள் தேவாலயத்து இசைக்கருவியின் குழல்களைப்போல் தோன்றின. அத்தோற்றத்திலிருந்து போருக்கு எதிரான ஒரு கவிதை பிறந்தது. இன்று அவ்விடம் அருங்காட்சியகம். நம் கதைக்குரிய இன்னோர் ஆயுதச்சாலை, இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றின் நடுவே ஒரு தீவில் அமைந்த 'ராக் ஐலண்டு'.

*

துப்பாக்கியில் குழலுக்குப் பின்னே ஓர் உருக்குக் கூடு உண்டு. 'ரிசீவர்' என்பார்கள். குழல் அதில்தான் முடுக்கப்படுகிறது. கதவின் தாழ்ப்பாள்போல் முன்னும் பின்னும் நகரும் 'போல்ட்' என்ற தண்டு அதனுள்தான் பூட்டிக்கொள்கிறது. தோட்டா வெடிக்கும் கணத்தில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50,000 பவுண்டு அழுத்தம் எழுகிறது. சுடுபவரின் முகத்துக்கும் அந்த அழுத்தத்துக்கும் இடையே நிற்பவை இந்தக் கூடும் போல்ட்டும்தான். துப்பாக்கியின் எண் பொறிக்கப்படுவதும் இக்கூட்டின் மேல்தான். குழலை மாற்றலாம், மரக்கட்டையை மாற்றலாம்; கூடு மாறினால் அது வேறு துப்பாக்கி.

இக்கூட்டைச் செய்தவிதம் கொல்லன் உலை வழிதான். எளிய கார்பன் உருக்கைக் காய்ச்சி அடித்து வடிவாக்குவார்கள். பின் எலும்புக் கரியோடு சேர்த்து 1500 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் நான்கு மணி நேரம் வைத்து, எண்ணெயில் தோய்த்து எடுப்பார்கள். மேற்பரப்பு கடினமாக வேண்டும். உட்புறம் வளைந்து கொடுப்பதாக இருக்க வேண்டும். அதுவே நோக்கம்.

எவ்வளவு சூடு என்பதை அறிய வழி? கண்தான். பழுத்த உருக்கின் நிறத்தைப் பார்த்து, 'இது போதும்' என்று தேர்ந்த தொழிலாளி முடிவு செய்வார். அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும் நம் வீட்டுப் பெண்கள் எந்தக் கருவியைக் கொண்டு பதம் பார்க்கிறார்கள்? தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பதோடு சரி. பதம் தப்பி முற்றிய பாகு எப்படியிருக்கும் என்பதும் நாம் அறிந்ததே: பார்வைக்கு உறுதியாக இருக்கும்; தட்டினால் கண்ணாடிபோல் சிதறும்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா உலகப்போரில் இறங்கியது. உற்பத்தி பெருகியது. அவ்வாண்டிலேயே சில துப்பாக்கிகள் வெடித்துச் சிதறின. அவற்றின் ரிசீவர் பிளந்திருக்கவில்லை. துண்டு துண்டாக உடைந்திருந்தது. விசாரணை தொடங்கியது. இதையெல்லாம் பின்னாளில் தொகுத்து எழுதியவர் ஜூலியன் ஹேட்சர் என்னும் படைக்கல அதிகாரி. 1947இல் வெளிவந்த அவருடைய குறிப்பேட்டு நூல்தான் இவ்வரலாற்றுக்கு முதன்மைச் சான்று.

விசாரணையில் இரண்டு குற்றங்கள் ஒன்றையொன்று சந்தித்திருந்தது தெரியவந்தது. முதலாவது தோட்டாவில் இருந்தது. அவசரத்தில் செய்யப்பட்ட சில பித்தளைக் கூடுகளின் அடிப்பகுதி மென்மையாக இருந்தது. வெடிக்கும்போது கிழிந்து வாயுவைப் பின்னோக்கிப் பாய விட்டது. இரண்டாவது உலையில் இருந்தது. வெப்பமானிகளைப் பொருத்திப் பார்த்தபோது, அனுபவமிக்க கண்கள் 'சரியான சூடு' என்று சொன்னது எப்போதும் ஒன்றாக இல்லை என்பது தெரிந்தது. வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் அக்கண்கள் ஏற்ற சூடு, மேகம் மூடிய நாளில் ஏற்ற சூட்டைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதலாக இருந்தது.

இதை வாசித்தபோது சற்று நேரம் நூலை மூடி வைத்தோம். நம் ஊர்க் கொல்லர் பட்டறை ஏன் எப்போதும் இருண்டு கிடந்தது என்று சிறு வயதில் வியந்ததுண்டு. வறுமை என்று எண்ணினோம். இருட்டில்தான் நெருப்பின் நிறம் உண்மை பேசும் என்பது பிறகுதான் விளங்கியது. வெளிச்சம் கூடினால் செம்மஞ்சளும் மங்கலாகத் தெரியும். இன்னும் சூடு வேண்டும் என்று கண் சொல்லும். அந்தத் தொழிலாளர்கள் சோம்பேறிகள் அல்லர்; திறமையற்றவர்களும் அல்லர். சன்னல் வழி வந்த வெயில் அவர்களுடைய கண்களை ஏமாற்றிவிட்டது. மிகையாகக் காய்ந்த உருக்கின் உள்ளணுக்கட்டு பருத்து, கூடு கண்ணாடித் தன்மை கொண்டது.

1918 பிப்ரவரியில் ஸ்பிரிங்ஃபீல்டிலும் அவ்வாண்டு மே மாதத்தில் ராக் ஐலண்டிலும் முறை மாற்றப்பட்டது. இருமுறை சூடேற்றி இருமுறை பதப்படுத்தும் புதிய முறை வந்தது. சூட்டைக் கருவி அளந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் 8,00,000 என்ற எண்ணிலிருந்தும், ராக் ஐலண்டில் 2,85,507 என்ற எண்ணிலிருந்தும் வந்தவை புதிய முறையில் ஆனவை. அவற்றுக்கு முந்தியவை 'கீழ் எண்' துப்பாக்கிகள் என்று பெயர் பெற்றன. இரண்டு சாலைகளையும் சேர்த்தால் அவற்றின் தொகை பத்து லட்சத்துக்கு மேல்.

நம் மாணவரின் அண்டை வீட்டுக்காரரிடம் இருந்தது ஸ்பிரிங்ஃபீல்டில் செய்த, ஏழு லட்சத்துச் சொச்சம் எண் கொண்ட துப்பாக்கி. அதாவது அந்த எல்லைக்கோட்டுக்குச் சற்றே முன்பு, 1917ஆம் ஆண்டின் உலையிலிருந்து வந்தது.

*

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம்: கெட்டதைச் சோதித்து ஒதுக்கிவிட்டு நல்லதை வைத்துக்கொள்ளக் கூடாதா?

அதுதான் முடியவில்லை. ஒவ்வொரு துப்பாக்கியும் சாலையை விட்டு வெளிவரும் முன் 70,000 பவுண்டு அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவால் சுடப்பட்டது. தேறியதற்கு அடையாளமாக, கைப்பிடியின் அடியில், விசைக்காப்புக்குப் பின்னே மரக்கட்டையில் வட்டத்துக்குள் 'பி' என்ற எழுத்து பொறிக்கப்பட்டது. உடைந்து சிதறியவையும் அச்சோதனையில் தேறியவையே. கண்ணாடிபோன்ற உருக்கு நின்று தாங்கும் அழுத்தத்தைத் தாங்கிவிடும். பித்தளை கிழிந்து வாயு ஒரே வீச்சில் மோதும் அதிர்ச்சியைத்தான் அதனால் தாங்க இயலாது. பழைய ரிசீவர்களை மீண்டும் காய்ச்சிச் செப்பனிடவும் முயன்றார்கள். நம்பத் தகுந்த பலன் கிட்டவில்லை. பத்து லட்சத்தில் பெரும்பான்மை நல்லவை. எவை நல்லவை என்று சொல்ல எவராலும் முடியாது.

1920களின் இறுதியில் அதிகாரிகள் குழு ஒன்று கூடி ஆராய்ந்து, கீழ் எண் துப்பாக்கிகள் அனைத்தையும் படையிலிருந்து திரும்பப் பெற்று அழித்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. 1928இல் அப்பரிந்துரையின் மீது முடிவு கூறியவர் சாமுவேல் ஹாஃப் என்னும் தளபதி. அவர் கூறியதன் சாரம் இது: தோட்டாக்கள் பழசாகி வருகின்றன, விபத்துகள் சற்றுக் கூடலாம். ஆனால் இந்தத் துப்பாக்கிகளில் பல நெடுங்காலமாகப் பயன்பட்டுப் பல குழல்களைத் தேய்த்து முடித்திருக்கின்றன. ஆகவே வீரர்கள் கையில் இருப்பவை இருக்கட்டும்; பழுதுக்கு வரும்போது ரிசீவரை அழித்துவிடலாம். கிடங்கில் இருப்பவற்றைப் புதிதாக எவருக்கும் கொடுக்க வேண்டாம்; போர்க்காலச் சேமிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

இந்த முடிவை எளிதாகக் கண்டித்துவிடலாம். நாமும் முதலில் அப்படித்தான் செய்தோம். சுடத் தகாதது என்றால் போரில் மட்டும் எப்படித் தகும்? அமைதிக்காலத்துப் படைவீரனின் கண்ணுக்கு ஒரு மதிப்பும், போர்க்காலத்து வீரனின் கண்ணுக்கு வேறு மதிப்புமா? ஆனால் ஹாஃப் முன்னே இருந்த கணக்கையும் நோக்க வேண்டும். 1917 முதல் 1929 வரை உடைந்ததாக ஹேட்சர் பட்டியலிட்டவை அறுபதுக்குச் சற்று மேல். அவற்றிலும் சில, ஜெர்மானியத் தோட்டாவைத் தவறாக இட்டுச் சுட்டது முதலான பிழைகளால் நேர்ந்தவை. பத்து லட்சத்துக்கு அறுபது! துப்பாக்கியே இல்லாத படை சந்திக்கும் ஆபத்து இதைவிட மிகப் பெரிது. 1942 ஆகஸ்டில் குவாடல்கனால் தீவில் இறங்கிய அமெரிக்கக் கடற்படைப் போர்வீரர்களின் தோளில் இருந்தது இன்னமும் இந்த 1903ஆம் ஆண்டுத் துப்பாக்கிதான். பற்றாக்குறையின் அறம் வேறு என்பதை மறுக்க நமக்கு மனம் வரவில்லை.

படைக்கு வேண்டாதவை பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. குடிமக்களிடையே குறிபார்த்துச் சுடும் பயிற்சியை வளர்க்க அமைந்த அரசுத் திட்டத்தின் வழியே இத்துப்பாக்கிகள் வீடுகளுக்குச் சென்றன. அத்திட்டம் 1996இல் தனி அமைப்பாயிற்று. அதே அமைப்பு இன்று வெளியிடும் எச்சரிக்கை தெளிவானது: அந்த இரண்டு எண்களுக்குக் கீழ்ப்பட்ட ரிசீவர் கொண்ட துப்பாக்கியைச் சுட வேண்டாம்.

*

அப்படியானால் மரபுரிமையாக வந்த பழந்துப்பாக்கி ஒன்றை எவ்வாறு அணுகுவது? அந்த முதியவர் நம் மாணவருக்குப் பொறுமையாக விளக்கியதையும், நாம் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம். ஓலைச்சுவடி ஒன்று கைக்கு வந்தால் என்ன செய்வோமோ, அதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

முதலில், அது வெறுமையானதா என்று பார்க்க வேண்டும். 'பல வருடமாகப் பெட்டியில் கிடக்கிறது' என்பது சான்றாகாது. 1903ஆம் ஆண்டுத் துப்பாக்கியின் இடப்பக்கத்தில் ஒரு சிறு நெம்பு உண்டு. அதை ஒரு பக்கம் திருப்பி வைத்தால், உள்ளேயிருக்கும் ஐந்து தோட்டாக்களை அவசரத்துக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொன்றாக இட்டுச் சுடலாம். அந்த நிலையில் போல்ட்டை எத்தனை முறை இழுத்தாலும் உள்ளிருக்கும் தோட்டா வெளியே வராது. வராததைக் கண்டு 'காலி' என்று ஏமாறுபவர் உண்டு. ஆகவே போல்ட்டைத் திறந்து, கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்ய வேண்டும்.

இரண்டாவது, எண். எண்ணோடு எந்தச் சாலை என்பதையும் படிக்க வேண்டும். குழலின் முனையருகே, குறிமுள்ளுக்குப் பின்னே மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அது குழலின் பிறந்தநாள், ரிசீவருடையதன்று. தேய்ந்த குழலை நீக்கிப் புதிது பூட்டுவது படையில் வழக்கம். எனவே 1940களின் குழல் 1910இன் ரிசீவரில் அமர்ந்திருக்கலாம். உரையாசிரியரின் காலத்தை மூலநூலின் காலமாகக் கொள்ளும் பிழை நம் துறையில் நேர்வதுண்டு. அதே பிழைதான் இது. போல்ட்டும் அவ்வாறே மாறியிருக்கலாம். பழைய போல்ட்டும் பழைய உலையில் வந்ததுதான்.

மூன்றாவது, குழல். போல்ட்டை உருவி எடுத்துப் பின்பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். கிடங்கில் வைக்கும்போது பூசிய கெட்டி மசகு காலப்போக்கில் அரக்குப்போல் இறுகியிருக்கும். குளவி மண்கூடு கட்டியிருக்கவும் கூடும். எத்தகைய அடைப்பும் குழலைப் பிளக்கப் போதுமானது. மசகை மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான் நனைத்த துணியால் தோட்டா அறையின் பக்கமிருந்து முனைநோக்கித் துடைக்க வேண்டும். முனைப்பக்கமிருந்து கம்பியைச் செலுத்தினால் குழல் வாயின் விளிம்பு தேயும், குறி தப்பும்.

நான்காவது, இடைவெளி. மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா அமரும் தோளுக்கும் இடையிலுள்ள அளவு சரியாக இருக்க வேண்டும். மிகுந்தால் பித்தளை நீண்டு கிழியும். இதற்கென அளவுக்கட்டைகள் உண்டு. .30-06 தோட்டாவுக்கு 1.940 அங்குலக் கட்டையின் மேல் போல்ட் மூட வேண்டும், 1.950 அங்குலக் கட்டையின் மேல் மூடிவிட்டால் அத்துப்பாக்கி பயன்பாட்டுக்குரியதன்று. ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு! அவ்வளவு நுண்ணிய இடத்தில் ஓர் உயிரின் பத்திரம் அமர்ந்திருக்கிறது. இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. தேர்ந்தவரிடம் கொடுத்துத்தான் அறிய வேண்டும்.

ஐந்தாவது, எண்ணெய். துடைத்தபின் பூசும் எண்ணெய் துருவைத் தடுக்கும். ஆனால் சுடுவதற்கு முன் குழலிலும் தோட்டா அறையிலும் அது இருக்கலாகாது. 1921ஆம் ஆண்டின் தேசியப் போட்டியில் இதற்கொரு பாடம் கிடைத்தது. குண்டின் உலோகம் குழலில் ஒட்டுவதைத் தடுக்க அவ்வாண்டு வெள்ளீயம் பூசிய குண்டுகள் வழங்கப்பட்டன. போட்டியாளர்கள் பழைய பழக்கத்தில் அவற்றை மசகில் தோய்த்துச் சுட்டார்கள். ஈயப்பூச்சு பித்தளைக் கழுத்தோடு பற்றிக்கொள்ள, மசகு அக்கழுத்து விரிய இடமில்லாமல் அடைக்க, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. நல்லதும் நல்லதும் சேர்ந்து தீதாவது இப்படித்தான்.

ஆறாவது, மரம். வால்நட் கட்டையில் ஆய்வாளரின் முத்திரை எழுத்துகள் இருக்கும். பளபளப்பாக்கும் ஆசையில் உப்புத்தாள் தேய்த்தால் அவை அழிந்துபோகும். சுவடியின் ஓரத்தை அழகுக்காக நறுக்குவதற்கு ஒப்பானது அச்செயல். ஈரத்துணியால் துடைத்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசினால் போதும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடக்கூடாது. தானே சூடேறித் தீப்பற்றும். விரித்து உலர்த்த வேண்டும்.

*

துருவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தோட்டாவின் அடியில் முதல் பொறியைத் தரும் சிறு கிண்ணத்துக்குப் 'பிரைமர்' என்று பெயர். அக்காலப் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுடச்சுட நன்றாகத் துடைத்து எண்ணெய் பூசி வைத்தாலும், சில நாளில் குழல் துருப்பிடித்தது. வெடிமருந்தின் அமிலம் என்றார்கள் சிலர். குண்டின் உலோகப் படிவு என்றார்கள் சிலர். அம்மோனியா கலந்த கடுமையான கரைசல்களால் குழலைக் கழுவினார்கள். 1922இல் அமெரிக்கச் சுரங்கத்துறையைச் சார்ந்த வில்பர்ட் ஹஃப் என்னும் வேதியியலாளர் உண்மையை நிறுவினார். குளோரேட் எரிந்தபின் எஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, அதாவது நம் சமையலறை உப்புக்கு உறவான ஓர் உப்பு. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி உருக்கை அரித்தது. உப்பு எண்ணெயில் கரையாது. எத்தனை எண்ணெய் பூசினாலும் அதனடியில் உப்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

மருந்து, தண்ணீர். கொதிநீரைக் குழலில் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகே எண்ணெய் பூச வேண்டும். இரும்பைக் காக்கத் தண்ணீரை ஊற்றுவது முரணாகத் தோன்றலாம். உப்புக்கு வேறு வழியில்லை. இன்றைய தோட்டாக்களில் இந்த உப்பு இல்லை என்றாலும், இரண்டாம் உலகப்போர்க் காலப் பழந்தோட்டாக்களைச் சுடுபவர்கள் இதை இன்றும் நினைவில் கொள்ள வேண்டியவர்களே.

*

நம் மாணவரின் கேள்விக்கு வருவோம். நாற்பது ஆண்டுகள் சுட்ட துப்பாக்கி, இதுவரை உடையவில்லை, இனி மட்டும் ஏன் உடைய வேண்டும்? குடும்பத்தார் கேட்டது இது. வியப்பு என்னவென்றால், தளபதி ஹாஃப் 1928இல் சொன்ன வாதமும் இதுவேதான்: பல குழல்களைத் தேய்த்தவை ஆயிற்றே!

இவ்வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. பாட்டனார் சுட்ட ஆயிரம் தோட்டாக்களும் நல்ல பித்தளையால் ஆனவை. ரிசீவர் நல்லது என்பதற்கு அவை சான்றாகா. ரிசீவர் சோதிக்கப்படவே இல்லை என்பதற்குத்தான் சான்றாகும். பித்தளை கிழியும் அந்த ஒரு நாள் வந்தால்தான் 1917ஆம் ஆண்டின் உலை வாய் திறக்கும். அதுவரை மௌனம். அம்மௌனத்தைப் பாட்டனார் உறுதி என்று கொண்டார்; அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நாம் அறிந்துவிட்டோம்.

பத்து லட்சத்துக்கு அறுபது என்பது படைத்தளபதிக்குச் சிறிய எண். பதினாறு வயதுப் பிள்ளையின் வலது கண்ணுக்கு அது சிறிய எண்ணன்று. ஹாஃபுக்கு ஒரு தேவை இருந்தது. வேறு துப்பாக்கி இல்லை. நினைவு நாளில் கூடும் குடும்பத்துக்கு அப்படியொரு தேவை என்ன இருக்கிறது? நினைவுக்கு ஓசை வேண்டும் என்பதில்லை. இவ்வாறே நம் மாணவருக்கு எழுதினோம்.

மூன்று வாரம் கழித்து மறுமொழி வந்தது. வீட்டில் ஒருநாள் வாக்குவாதம் நடந்ததாம். முடிவில் சுடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். பேரன்தான் அதிகம் வருந்தினான் என்றும், அவனுக்கே துப்பாக்கியைத் தூய்மை செய்யும் பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றும் எழுதியிருந்தார். நான்கு மாலை நேரங்கள் அவன் அமர்ந்து மசகை நீக்கினான். குழலைக் கொதிநீரால் கழுவினான். முத்திரை எழுத்துகள் அழியாமல் கட்டைக்கு எண்ணெய் பூசினான். நினைவு நாளில் அது கை மாறிக் கை மாறி எல்லாரிடமும் சென்றது. பாட்டனாரின் கை பட்டுப் பட்டு வழுவழுப்பான இடம் எது என்று ஒவ்வொருவரும் தடவிப் பார்த்தார்களாம்.

பிறகு அதைப் பெட்டியில் வைத்தபோது ஒரு தாளும் உடன் வைத்தார்கள். அதில் துப்பாக்கியின் எண், செய்த இடம், வெயில் நாளின் உலை, ஏன் சுடக்கூடாது என்னும் காரணம் ஆகியவற்றைப் பேரனே எழுதியிருக்கிறான். அடுத்து அதைப் பெறப்போகிறவர் இன்னும் பிறக்கவில்லை. பாட்டனார் துப்பாக்கியை மட்டும் விட்டுச்சென்றார். இவன் அதன் வரலாற்றையும் சேர்த்து விட்டுச்செல்கிறான். அந்தத் தாளை மடித்து வைக்கும் முன் ஒரு படியெடுத்து அனுப்பும்படி நம் மாணவரிடம் கேட்டிருக்கிறோம்.